பிஸ்கட் டின்னில் உப்பு

எங்கள் ஐயாவுக்குப் பொய் சொல்ல வராது. வாயெடுத்தால் காது சிவந்துவிடும். ஆனால் ஒரு பொய்க்கு வேண்டிய ஆயத்தங்களைச் செய்வதில் அவரை வெல்ல வெள்ளவத்தையில் ஆள் இருக்கவில்லை. கந்தோரில் கோப்புகளை அடுக்கிப் பழகிய கை. அந்தத் திறமை முழுவதும் வருடத்தில் ஒரு நாள், நத்தார் என்கிற கிறிஸ்மஸ் அன்று வெளியே வரும்.

அன்று காலை அடுப்படிக் கதவைப் பார்த்து, "பிள்ளையளைக் காலிமுகத்திடலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பட்டம் ஏத்துறதைக் காட்டிக்கொண்டு வாறன்" என்பார். அம்மாவின் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல அவரால் முடியாது. அம்மாவும் வெளியே வந்து "ஏன், எதற்கு" என்று கேட்டதில்லை. என் தலையை இழுத்துப் பின்னி, பட்டுப் பாவாடையைக் கட்டிவிட்டு, தம்பிக்குப் புதுச் சட்டை போட்டுவிடுவா. கடற்கரை மணலில் புரளப் போகிற பிள்ளைகளுக்குப் பட்டு எதற்கு என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. உடுக்கக் கிடைத்தால் போதும் என்கிற வயது.

காலிமுகத்திடலுக்குப் போகிறவர்கள் கொள்ளுப்பிட்டி ஸ்டேஷனில் இறங்கவேண்டும். நாங்கள் இறங்கமாட்டோம். கோட்டைவரைக்கும் ரயிலில் போய், அங்கிருந்து ட்ராம் ஏறி, கொட்டாஞ்சேனைப் பக்கம் இறங்கி, பேக்கரிச் சந்தியில் திரும்பி ஒரு ஒழுங்கைக்குள் நடப்போம். ஒழுங்கையின் பாதியில் பச்சைப் படலைக் கதவு போட்ட வீடு. அதுதான் சின்னம்மா வீடு.

சின்னம்மா என் அம்மாவின் ஒரே தங்கச்சி. அவர்களைப் பெற்றவ நேரத்தோடு கண்ணை மூடிவிட்டதால் சின்னம்மாவுக்குத் தலை இழுத்து, சோறு தீத்தி, பள்ளிக்கூடம் அனுப்பியதெல்லாம் அம்மாதான். யாழ்ப்பாணத்திலிருந்து டைப்ரைட்டிங் பழக என்று கொழும்புக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்த சின்னம்மா, டைப்ரைட்டிங்கோடு சேர்த்துத் துறைமுகத்தில் கிளாக்காக இருந்த ஒரு வேதக்கார மாப்பிள்ளையையும் பார்த்துக்கொண்டா. ஒரு நாள் கோயிலுக்கென்று வெளிக்கிட்டவ கொட்டாஞ்சேனை மாதா கோயிலில் தாலி கட்டிக்கொண்டா. ஊர் முழுக்க அம்மாவைத்தான் பிடித்துத் தின்றது. உன்ரை வீட்டிலை வைச்சுத்தானே பெட்டை கெட்டது என்று பெரியவர்கள் ஏசி விட்ட பேச்சில் அம்மா கொதித்துப்போய், "எனக்குத் தங்கச்சி எண்டு ஒருத்தி இல்லை" என்று சாமி படத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டா. அம்மா சொன்னால் சொன்னதுதான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கொட்டாஞ்சேனை என்ற ஊரே கிடையாது.

ஐயாவுக்கு மனம் கேட்கவில்லை. அதனால்தான் இந்த நத்தார் ஏற்பாடு.

எனக்கு அந்த இரகசியம் உயிர். தெரியவந்தால் அம்மா அடுத்த வருடம் விடமாட்டா, நத்தார் கேக் போய்விடும், சித்தப்பா வாங்கி வைத்திருக்கும் ரிப்பன் போய்விடும், மஞ்சள் சோறும் கோழிக்கறியும் போய்விடும் என்று வருடம் முழுக்கப் பயந்துகொண்டிருப்பேன். தம்பி வாய் திறந்தால் அவன் தொடையில் கிள்ளுவது என் பொறுப்பு. திரும்பி வரும் வழியில் கோழிக்கறி மணம் போக ஐயா எங்கள் இரண்டு பேருக்கும் ஏலக்காய் தந்து சப்பச் சொல்லுவார். பிறகு வாயைத் திறந்து ஊதச் சொல்லி மணந்து பார்ப்பார். வெள்ளவத்தை ஸ்டேஷன் கடற்கரையோடு ஒட்டி இருப்பது அவருக்குப் பெரிய வசதி. இறங்கியதும் எங்களை மணலுக்குள் விட்டு, கால் விரல் இடுக்கிலெல்லாம் மணல் ஏறியபின்தான் வீட்டுக்குக் கூட்டிப்போவார். காலிமுகத்திடல் மணலும் வெள்ளவத்தை மணலும் ஒன்றுதானே பிள்ளை என்பார்.

எங்கள் வீட்டில் வெளியே போவது என்றால் இதைவிட இன்னொரு பயணம்தான் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா எங்களைக் கொச்சிக்கடைச் சிவன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போவா. கொச்சிக்கடை என்பது கொட்டாஞ்சேனைக்கு அடுத்த வீடு மாதிரி. பம்பலப்பிட்டியில் கதிரேசன் கோயில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, ரயிலும் ட்ராமும் ஏறி அவ்வளவு தூரம் ஏன் போகவேண்டும் என்று நான் முணுமுணுப்பேன். ஐயாவோடு எங்களை மண்டபத்தில் இருத்திவிட்டு, "கற்பூரம் வாங்கிக்கொண்டு வாறன்" என்று அம்மா வெளியே போவா. போனால் போனதுதான். தம்பி ஐயாவின் மடியில் நித்திரையாகிவிடுவான். கோயில் வாசலிலேயே கடை விரித்துக் கற்பூரம் விற்பார்கள், அதை வாங்க இவ்வளவு நேரமா என்று எனக்கு எரிச்சல் வரும். ஐயா சிரிப்பார். "கொம்மா விலை பேசாமல் வாங்க மாட்டா, பேசட்டும்" என்பார்.

நத்தார் பயணத்துக்கு அம்மா ஒரு பிஸ்கட் டின்னில் பலகாரம் போட்டுத் தருவா. வழியில் கொறிக்க என்று பெயர். முறுக்கு, பயத்தம் பணியாரம், எள்ளுருண்டை என்று ஒரு கல்யாண வீட்டுக்குக் காணும். அதை ஐயா அப்படியே சின்னம்மாவிடம் கொடுத்துவிடுவார். சின்னம்மா டின்னைத் திறந்து முதலில் எள்ளுருண்டையைத்தான் எடுப்பா. சின்ன வயதிலிருந்தே அதற்கு அடிமை. திரும்பும்போது டின் நிறையச் சீனி போட்டுவிடுவா. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம்: பண்டம் வந்த ஏனத்தை வெறுமையாய்த் திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஒரு பிடி அரிசியாவது சீனியாவது போட்டுக் கொடுத்தால்தான் உறவு தொடரும். உப்பை மட்டும் போடவே கூடாது, அது சண்டைக்கு அழைப்பு. அந்தச் சீனியை ஐயா, "கோட்டையிலை மலிவாய்க் கிடைச்சது" என்று மேசையில் வைத்துவிட்டுக் காது சிவக்க முற்றத்துக்கு ஓடிவிடுவார்.

நான் சொல்லவந்த வருடம் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். சப்பான்காரன் குண்டு போட்டதும் ஊருக்கு ஓடி, பிறகு பயம் தெளிந்து திரும்பி வந்திருந்தோம். அரிசியும் சீனியும் ரேஷன் கூப்பனுக்குத்தான். கரையோரமெல்லாம் பட்டாளக்காரர். காலிமுகத்திடலில் அந்த வருடம் பட்டமும் இல்லை, ஏற்றுகிறவனும் இல்லை. அப்படியிருந்தும் ஐயா கதவைப் பார்த்து அதே வசனத்தைச் சொன்னார். போதாக்குறைக்குத் திருவெம்பாவை விரதமும் நத்தாரோடு சேர்ந்து வந்திருந்தது. அம்மா ஒரு நேரச் சாப்பாட்டோடு இருந்தா. ஐயாவும் விரதம்தான், ஆனால் பிள்ளைகள் சாப்பிடும்போது பார்த்துக்கொண்டிருப்பது மரியாதையில்லை என்று சின்னம்மா வீட்டில் கொஞ்சம் ருசி பார்ப்பார்.

அந்த முறை டின்னில் எள்ளுருண்டை இல்லை. நான் அழாக்குறையாகக் கேட்டேன். ஊரிலிருந்து வந்த எள்ளு போத்தல் நிறைய அலுமாரியில் இருந்தது, என் கண்ணாலேயே கண்டேன். "இந்த முறை இல்லை எண்டால் இல்லை, போ அங்காலை" என்று அம்மா கரண்டியை ஓங்கினா. விரதம் இருந்தால் அம்மாவுக்குக் கோபம் அதிகம் என்று விட்டுவிட்டேன்.

சின்னம்மா படலைக்கு வந்தபோது எனக்கு ஆச்சரியம். நன்றாகக் கொழுத்திருந்தா. நடையே மாறி ஆடி ஆடி வந்தா. கூப்பன் அரிசியில் நாங்களெல்லாம் ஈர்க்கிலாய் இருக்க இவ மட்டும் எப்படி இப்படி என்று யோசித்து, சித்தப்பாவுக்குத் துறைமுகத்தில் சாப்பாட்டு வசதி இருக்கும் என்று முடிவுசெய்துகொண்டேன். ஐயா அவவைக் கண்டதும் வாயைத் திறந்து மூடிவிட்டு, குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு தரம் சுற்றினார்.

சின்னம்மா டின்னைத் திறந்தா. முறுக்கை எடுத்து வெளியே வைத்தா, பணியாரத்தை வைத்தா, அடியில் கிடந்த கடதாசியைக்கூடத் தூக்கிப் பார்த்தா. பிறகு மெல்லக் கதிரையில் இருந்தா.

"அத்தான், அக்கா ஏதும் சொன்னவவோ?"

"சீச்சீ! நாங்கள் இஞ்சை வாறதே அவவுக்குத் தெரியாது" என்று ஐயா பதறினார்.

சின்னம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினா. தேம்பித் தேம்பி அழுகை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இவ்வளவு பெரிய ஆள் எள்ளுருண்டைக்கு அழுவதா! ஐயாவுக்கும் அப்படித்தான் பட்டிருக்கவேண்டும். "இதுக்குப் போய் அழுறதே பிள்ளை? செட்டியார் தெருவிலை வாங்கித் தாறன்" என்று தேற்றினார். சின்னம்மா அழுகைக்கு நடுவில் சிரித்தா, சிரித்துவிட்டு இன்னும் அழுதா.

சாப்பாடு வழக்கம்போல நடந்தது. எங்களுக்கென்று புதுச் சட்டியில் மரக்கறி சமைத்துத் தனியே மூடி வைத்திருந்தா. நாங்கள் அதைத் தொடாமல் கோழிக்கறியைத் தின்றோம். வெளிக்கிடும் நேரம் சின்னம்மா உள்ளே போய் டின்னோடு வந்தா. நிறையச் சீனி. ஐயாவின் கையில் கொடுத்து, கையை விடாமல் பிடித்துக்கொண்டா.

"இதைக் கட்டாயம் அக்காட்டைக் குடுங்கோ அத்தான். மாசி மாதம் எண்டு டொக்டர் சொல்லுறார். எனக்கு அம்மா இல்லை. அக்கா ஒருக்கால் வந்து பக்கத்திலை நிண்டால் காணும், எனக்குப் பயமாய்க் கிடக்கு."

மாசியில் ஏதோ வருத்தம் வரப்போகிறது போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். பாவமாக இருந்தது. ஐயா தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டி, சத்தியம் பண்ணாத குறையாக ஒப்புக்கொண்டார்.

கோட்டை ஸ்டேஷனுக்கு வரும்வரை அவர் டின்னை மடியிலேயே வைத்திருந்தார். பிறகு டின்னைத் திறந்து பார்த்தார். முகம் விழுந்துவிட்டது. போன வருடங்களில் மலிவாய்க் கிடைத்தது என்று சொல்லலாம். கூப்பன் காலத்தில் டின் நிறையச் சீனி யார் தருவான்? கேள்வி வரும், கேள்வி வந்தால் காது சிவக்கும், காது சிவந்தால் எல்லாம் போச்சு, பிறகு இந்தப் பிள்ளைக்கு வருடத்தில் ஒரு நாள் வந்து பார்க்கிற ஆளும் இல்லாமல் போய்விடும். இதையெல்லாம் அவர் வாய்விட்டே எனக்குச் சொன்னார், நான் பெரிய மனுசி மாதிரி ஓம் ஓம் என்றேன். கடைசியில் ஸ்டேஷனுக்கு வெளியே இருந்த தேத்தண்ணிக் கடைக்காரரிடம் போய்ச் சீனி முழுவதையும் அவருடைய போத்தலில் கொட்டிவிட்டார். அந்தச் சிங்கள மனிதர் "அனே மாத்தயா!", ஐயோ துரையே, என்று நெஞ்சில் கைவைத்து நின்றார். அன்றைக்கு அவர் எங்களுக்குப் போட்டுத் தந்த தேத்தண்ணி உதட்டில் ஒட்டுகிற இனிப்பு.

வெள்ளவத்தையில் இறங்கியதும் மணல் வேலை நடந்தது. ஐயா டின்னை மறக்கவில்லை. மூலையில் சீனி இருந்தால் எறும்பு காட்டிக்கொடுத்துவிடும் என்று கடல் தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அலசி, லேஞ்சியால் துடைத்து, வெயிலில் பிடித்து ஊதினார். ஒரு சாட்சியும் இல்லை பிள்ளை என்று எனக்குக் காட்டினார். எனக்கு அவரை நினைக்கப் பெருமையாக இருந்தது.

வீட்டில் அம்மா டின்னை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனா. நான் நிலைக்கதவில் நின்று பார்த்தேன். திறந்து, வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தா. அடி மூலையில் விரலை ஓட்டி நாக்கில் வைத்தா. அப்படியே நின்றுவிட்டா. எவ்வளவு நேரம் என்று தெரியாது, அடுப்பில் பால் பொங்கி வழிந்த சத்தத்துக்குக்கூட அசையவில்லை. இப்போது நினைக்கச் சிரிப்பு வருகிறது. கடலுக்குப் போய்வந்த டின்னில் உப்பு இருக்கத்தானே செய்யும்? ஆனால் நாங்கள் காலிமுகத்திடலுக்குப் போகவில்லை என்பதுதான் அம்மாவுக்கு வடிவாகத் தெரியுமே! அப்படியென்றால் அந்த உப்பு கொட்டாஞ்சேனையிலிருந்துதான் வந்திருக்கவேண்டும். அன்றிரவு அம்மா விளக்கை அணைத்துவிட்டு நேரத்தோடு படுத்துவிட்டா.

அடுத்த நாளும் கந்தோர் லீவு. அம்மா விடிய முழுகிவிட்டு வந்து, "கொச்சிக்கடைக்குப் போவம், வெளிக்கிடுங்கோ" என்றா. திருவெம்பாவை நாள்தானே என்று ஐயாவும் சந்தோஷமாக வேட்டி கட்டினார். அம்மாவின் பைக்குள் டின் இருந்ததை ட்ராமில் வைத்துத்தான் நான் கண்டேன்.

ட்ராமால் இறங்கியதும் அம்மா எதிர்ப்பக்கம் நடந்தா.

"இஞ்சாரும், கோயில் இந்தப் பக்கமல்லோ" என்றார் ஐயா.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. விறுவிறென்று பேக்கரிச் சந்தியில் திரும்பினா. தண்ணிப் பைப்படியைத் தாண்டினா. ஒரு ஆளிடமும் வழி கேட்கவில்லை. பச்சைப் படலைக்கு முன்னால் போய் நின்றா. யார் காட்டிக்கொடுத்தது? தம்பியைப் பார்த்தேன், அவன் மூக்கைத் தோண்டிக்கொண்டிருந்தான். ஐயாவைப் பார்த்தேன். வாய் திறக்காமலே அவருடைய காது இரண்டும் செக்கச் செவேலென்று இருந்தன. இனி எனக்கு நத்தார் இல்லை என்று அந்த இடத்திலேயே அழுகை முட்டியது.

சின்னம்மா கதவைத் திறந்து வந்தா. அம்மாவைக் கண்டதும் தூணைப் பிடித்துக்கொண்டா. பிறகு அம்மா பையிலிருந்து டின்னை எடுத்து நீட்டினா.

"ஏன்டி, சீனி இல்லாட்டில் சும்மா விட்டிருக்கலாமே. உப்பையோ போட்டுவிடுறது? நான் உன்னை வளர்த்தவளெல்லோ?"

"உப்போ?" சின்னம்மா மலைத்துப்போய் நின்றா. "என்ன அக்கா கதைக்கிறியள்? இந்த மாதத்துக் கூப்பன் சீனி முழுக்கப் போட்டல்லோ விட்டனான். என்ரை மனுசன் வெறுந் தேத்தண்ணி குடிக்கிறார்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஐயாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஐயா விறாந்தையில் வைத்திருந்த பாலன் குடிலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டுக்குட்டிகளை எண்ணுகிறவர் மாதிரி. "அது வந்து..." என்று தொடங்கி, தேத்தண்ணிக் கடை, எறும்பு, கடல் தண்ணி எல்லாவற்றையும் குடிலுக்குச் சொன்னார்.

முதலில் சிரித்தது அம்மாதான். அம்மா அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் கண்டதில்லை. தலையில் கைவைத்துக்கொண்டு, "என்ரை சிவனே, என்ரை சிவனே" என்று சிரித்தா. சின்னம்மா சிரித்தா. அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை, பார்க்கும்போது இரண்டு பேரும் கட்டிப்பிடித்து விம்மிக்கொண்டு நின்றார்கள். பிறகு அம்மா சின்னம்மாவின் வயிற்றில் கைவைத்து, "நல்லாய்ச் சாப்பிடுறியோ?" என்று கேட்டா. அந்த உடம்பைப் பார்த்துக்கொண்டே இந்தக் கேள்வியா என்று நினைத்தேன்.

அம்மா அன்றைக்குக் கோயிலுக்குப் போகவேயில்லை. சின்னம்மாவின் அடுப்படிக்குள் புகுந்து, பானை சட்டியெல்லாவற்றுக்கும் குறை சொல்லி, ரசம் வைத்து அவவைக் குடிக்கப் பண்ணினா. சித்தப்பா பயந்து பயந்து ஒரு மூக்குப்பேணியில் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினார். வீட்டில் ஒரு மணி சீனி இல்லை. அம்மா பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு அதைக் குடித்துமுடித்தா. என் நத்தார் தப்பியது என்று எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மாசியில் அம்மா கொட்டாஞ்சேனையிலேயே போய் இருந்துவிட்டா. ஒரு தங்கச்சிப் பாப்பா வந்தது. சின்னம்மா மறுபடி மெலிந்துபோனா. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று அம்மா மாதா கோயில் வாசல்வரைக்கும் வந்து நின்றா, கையில் பழைய பிஸ்கட் டின், அது நிறைய எள்ளுருண்டை. சின்னம்மா கோயில் படியிலேயே இருந்து தின்றா. அதிகமாய்த் தின்றது நான்தான். அம்மாவின் விரதக் கோபம் ஒருவாறு தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டு தின்றேன்.

வருடங்கள் போய், நானும் கல்யாணமாகி, முதல் பிள்ளை வயிற்றில் இருந்த நேரம் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்த எள்ளுருண்டை மேசையில் இருந்தது. ஒன்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனேன். அம்மா அடுப்படியிலிருந்து பாய்ந்துவந்து தட்டிப் பறித்தா.

"உனக்கென்ன விசரோ? எள்ளு சூடு. பிள்ளை வயித்திலை இருக்கேக்கை ஆரும் எள்ளுத் தின்னுறதே?"

என் கை அப்படியே நின்றது. கடதாசியைத் தூக்கித் தேடிவிட்டுக் கதிரையில் இருந்து தேம்பிய சின்னம்மா கண்ணுக்கு முன்னால் வந்தா. அவ எள்ளுருண்டைக்கு அழவில்லை. இல்லை என்று கண்டுதான் அழுதிருக்கிறா. ஐயாவுக்கே அன்று படலையடியில் வைத்துத்தானே விஷயம் தெரியும்? ஆனால் பலகாரத்தை அம்மா அதற்கு முதல் நாளே சுட்டாயிற்று.

"அப்ப அம்மா," என்றேன், "சின்னம்மாவுக்குப் பிள்ளை எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

அம்மா எள்ளுருண்டைத் தட்டை மூடி அலுமாரிக்குள் வைத்தா. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆர் சொல்லுறது? கற்பூரம் வாங்கப் போகேக்கை கண்டனான்."